எண்பதைத் தாண்டினால் வரும் நடுக்கம்

ஒச்சப்பன் பெரியகருப்பன். பிறப்பு 1964, உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமம். திருப்பூரில் வேன் ஓட்டிய ஆண்டுகள் 1991 முதல் 2025 வரை.

பிழைப்புத் தேடி வந்த அவர் முதலில் சாயப்பட்டறையில் துணி அலசினார். பிறகு ஓட்டுநர் உரிமம் பெற்றுப் பனியன் கம்பெனி வேன்களை ஓட்டலானார். அவர் ஓட்டிய வண்டியில் ஒருவருக்கும் சிறு கீறல்கூட விழுந்ததில்லை. சாலையைக் கண்டு அவர் பயந்ததில்லை. அவருக்கிருந்த பயம் வேறு. அவருடைய தகப்பனாருக்கு அறுபது வயதை ஒட்டிக் கை நடுங்கத் தொடங்கியது. கடைசிக் காலத்தில் கஞ்சிக் கும்பாவைத் தாமே பிடித்துக் குடிக்க அவரால் இயலவில்லை. தகப்பனாரின் நெற்றியும் மூக்கும் நடையும் மகனுக்கு அப்படியே வந்திருந்தன. கையும் வருமோ என்ற எண்ணத்தைப் பெரியகருப்பன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி ஒச்சாயியிடம்கூட. 2024-ஆம் ஆண்டு அவருக்கு அறுபது நிறைந்தது.

அப்போது அவர் அனுப்பர்பாளையத்தில் ஈஸ்வரமூர்த்தி என்பவர் நடத்தும் பனியன் கம்பெனியில் இருந்தார். அங்கிருந்த வேன் இப்பகுதியில் அதிகம் காணாத வகை. மலைத்தோட்டம் ஒன்றில் சேற்றுப் பாதைக்காக வைத்திருந்து ஏலத்தில் விட்ட வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் விசை போகும். சாதாரண வேனின் அடியில் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்றுதான் இருக்கும். விசையை ஏந்திக்கொண்டு பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட இரும்புத் தண்டு அது. இந்த வண்டியில் முன்னச்சுக்கும் அதேபோல் இன்னொரு தண்டு சென்றது. விலை சகாயமாக வந்ததால் ஈஸ்வரமூர்த்தி அதை வாங்கியிருந்தார். தீபாவளி வரையில் அது ஊருக்குள்ளேயே பிரிண்டிங்குக்கும் அயர்னிங்குக்கும் துணிக்கட்டுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சந்துகளில் ஐம்பதைத் தொடவும் வழியில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்களில் பலர் திரும்பவில்லை. ஆகவே வெள்ளகோவிலிலிருந்து பெண்களைக் காலையில் அழைத்து வந்து மாலையில் கொண்டுபோய் விடுவதென்று ஈஸ்வரமூர்த்தி முடிவு செய்தார். வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் வரை நல்ல நெடுஞ்சாலை. எட்டரை மணி ஷிஃப்டுக்குள் கம்பெனி வாசலை அடைய வேண்டுமானால் அந்தச் சாலையில் எண்பதுக்கு மேல் போயே ஆகவேண்டும்.

முதல் வாரத்திலேயே அது தொடங்கியது. எழுபத்தைந்துவரை ஒன்றுமில்லை. எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் வளையத்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஏதோ ஒன்று விடாமல் அதிர்ந்தது. ஆட்டம் என்று சொல்ல முடியாத அளவுக்கு அது நுண்மையானது. ஆனால் முழங்கைவரை ஏறியது. பெரியகருப்பன் வலக்கையை வளையத்திலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெறுங்காற்றில் நின்ற கை நடுங்கிக்கொண்டிருந்தது.

முன் இருக்கையில் அவருக்கு அருகே எப்போதும் உட்காருபவர் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் சுப்பாத்தாள். நாற்பத்தைந்து வயது, வாய் ஓயாதவர். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்ணா, கை இந்த ஆட்டம் ஆடுது? குளிருதுங்களா?”

“ஆமாத்தா. பனி.”

“வெள்ளகோவில்ல குளிருதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க. இந்தாங்க, என்ற துண்டப் போத்திக்குங்க.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியகருப்பனும் சிரித்தார். ஆனால் அன்று காங்கேயம் வரும் வரையில் அவர் கைகளை வளையத்திலிருந்து மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்தால் பார்க்க நேரிடும் என்று பயந்தார்.

மறுநாள் முதல் அவர் அறுபதுக்கு மேல் போகாமல் ஓட்டினார். அறுபதில் கை அமைதியாக இருந்தது. ஆனால் பெண்கள் நாள்தோறும் தாமதமாக இறங்கி வாசலில் சூபர்வைசரிடம் பேச்சு வாங்கினார்கள். வண்டிக்குக் ‘கட்டவண்டி’ என்று பெயர் வந்தது. சில நாள்களில் ஈஸ்வரமூர்த்தியே கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏனுங்ணா, எரும பூட்டியா ஓட்டிட்டு வாறீங்க?”

“எம்பதுக்கு மேல போனா ஒரு நடுக்கம் வருது மொதலாளி.”

“வண்டியிலீங்களா?”

பெரியகருப்பன் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு, “வண்டியிலதான்” என்றார். தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்ட குற்ற உணர்வு அப்போதே அவரை அரித்தது.

ஈஸ்வரமூர்த்தி தாமே வேனை எடுத்து அவிநாசி சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அந்த நெரிசலில் அறுபதைத் தாண்ட முடியவில்லை. “தேனாட்டம் போகுதுங்ளேண்ணா!” என்று சாவியைத் திருப்பித் தந்தார். இருந்தாலும் சந்தேகம் வேண்டாமென்று டயர் கடைக்கு அனுப்பினார். அங்கே நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங் பார்த்தார்கள், அலைன்மெண்ட் பார்த்தார்கள், முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றினார்கள். மறுநாள் காலையில் நெடுஞ்சாலையில் முள் எண்பதைத் தொட்டது. கைக்குள் அதே நடுக்கம்.

செய்யக்கூடியதையெல்லாம் வண்டிக்குச் செய்தாகிவிட்டது என்று பெரியகருப்பன் கருதினார். அப்படியானால் மிச்சமிருப்பது அவர்தான். வீட்டில் அவர் தம் கையைக் கண்காணிக்கத் தொடங்கினார். தேநீர் டம்ளரை எடுக்கும்போது பார்த்தார். சட்டைப் பொத்தானைப் போடும்போது பார்த்தார். சும்மா இருக்கும்போது கை நடுங்குவதாகத் தெரியவில்லை. நடுங்குகிறதா என்று உற்றுப் பார்க்கும்போது மட்டும் நடுங்குவது போல இருந்தது. பயத்தால் நடுங்குகிறதா, நடுக்கத்தால் பயம் வருகிறதா என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. மருத்துவரிடம் போனால் அவர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே போகவில்லை.

“என்னாண்டு கைய அப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்கீக? ரேகையா பாக்குறீக?” என்று ஒச்சாயி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. மருதாணி வைக்கலாமாண்டு பாக்குறேன்.”

“அறுவது வயசுல ஆசயப் பாரு!”

வேலையை விட்டுவிடலாம் என்றும் அவர் நினைத்ததுண்டு. ஆனால் தம் கையின்மேல் தாமே பொய்யாகப் பழி போட்டு இறங்கிவிட்டால், அடுத்து வரும் ஓட்டுநர் பழுதான வண்டியை அந்தப் பெண்களோடு நூறில் ஓட்டுவான். கை பழுதாக இருந்து அவர் இறங்காமல் இருந்தாலும் முடிவு அதேதான். இரண்டில் எது என்று தெரியாதவரை ஓட்டுவதும் தவறு, விடுவதும் தவறு. இந்த நிலையில்தான் மார்கழி கழிந்தது.

பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி மாதத்தின் கடைசி வாரம். கோழிக்கூண்டுகளை அடுக்கிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அன்று ஏற்கெனவே தாமதமாகியிருந்ததால் பெரியகருப்பன் வேகத்தைக் கூட்டி அதை முந்த எண்ணினார். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நடுக்கத்தில் கண்ணாடி கலங்கியிருந்தது. அதில் சாலை ஒரு சாம்பல் நிறப் பட்டையாக மட்டும் தெரிந்தது. அந்தப் பட்டையில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்கினார்.

பட்டைக்குள் ஒரு தனியார் பேருந்து இருந்தது. அதன் ஹாரன் காதுக்குள் வெடித்தது. பெரியகருப்பன் வளையத்தை இடப்பக்கம் இழுத்தார். வேன் சாலையோரச் சரளையில் இறங்கிப் பின்புறம் சறுக்கியது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அலறினார்கள். ஒரு சாப்பாட்டுத் தூக்கு உருண்டு திறந்துகொண்டது. வண்டி ஒருவழியாக நிமிர்ந்து நின்றது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

சுப்பாத்தாள்தான் முதலில் பேசினார்.

“ஏனுங்ணா, இத்தன ஊட்லயும் இன்னிக்குப் பொழுதோட சோறாக்க ஆளு வேணுமுங்க. அது நாவகம் இருக்குதுங்களா?”

“கண்ணாடி தெரியலத்தா.”

“கண்ணாடி தெரியலைங்களா, கண்ணு தெரியலைங்களா? எதுன்னு சொல்லிப்போடுங்க.”

“அதான் எனக்கே தெரியல” என்றார் பெரியகருப்பன். அந்தப் பயம் பிறர் காதில் விழும்படி அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை.

அன்று மாலை பெண்கள் அந்த வேனில் ஏற மறுத்துப் பேருந்தில் வீடு திரும்பினார்கள். ஈஸ்வரமூர்த்தி பல்லடத்தில் பட்டறை வைத்திருக்கும் திருமூர்த்தியோடு தொலைபேசியில் பேசினார். மலை வண்டிகளை நெடுங்காலம் பார்த்தவர் என்று திருமூர்த்திக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொன்னார். பெரியகருப்பன் காலி வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு பல்லடம் போய்ச் சேர்ந்தபோது, பட்டறை ஸ்டூலில் சுப்பாத்தாள் உட்கார்ந்திருந்தார்.

“நீ எதுக்குத்தா வந்த?”

“நீங்க தனியா வந்தா எங்ககிட்ட வந்து எதாவது பூசி மொழுகிருவீங்க. அதான் பஸ் ஏறி வந்துட்டனுங்க. உங்களுக்கு முந்தியே வந்துட்டேன் பாருங்க.”

திருமூர்த்தி வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். எந்த வேகத்தில் வருகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் குறைகிறதா, கையில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். பெரியகருப்பன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில், “தம்பி, இதெல்லாம் இருக்கட்டும். நடுங்குறது வண்டியா நானாண்டு மொதல்ல சொல்லு. எங்க அய்யாவுக்குக் கை நடுக்கம் இருந்துச்சு” என்றார்.

திருமூர்த்தி சிரிக்கவில்லை. “அதையே மொதல்ல பாத்துருவமுங்க” என்றார்.

பட்டறையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு தண்ணீர் எடுத்துவந்து, டேஷ்போர்டின்மேல் பசை நாடாவால் ஒட்டி நிறுத்தினார். பின் இருக்கைகளில் ஆள்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றினார். வளையத்தைத் தாமே பிடித்துக்கொண்டு, பெரியகருப்பனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுப்பாத்தாள் இருவருக்கும் பின்னால் முன்னோக்கிக் குனிந்து உட்கார்ந்தார். வேன் காங்கேயம் சாலையில் ஏறியது. எழுபதில் தண்ணீர் வெறுமனே ஆடியது. எழுபத்தைந்தில் அதன் மேற்பரப்பு மெல்லச் சிலிர்த்தது. எண்பத்தைந்தில் டம்ளரின் விளிம்பிலிருந்து நடு நோக்கி வளையம் வளையமாக அலை எழுந்து அப்படியே நின்றது.

“உங்க கை ரெண்டும் மடியில இருக்குதுங்ணா” என்றார் திருமூர்த்தி. “இப்ப நடுங்குறது யாருங்க?”

பெரியகருப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நவம்பரிலிருந்து சேர்ந்திருந்தது எல்லாம் அந்தத் துண்டுக்குள் வந்தது. பின்னாலிருந்து சுப்பாத்தாள் கத்தினார்.

“அப்ப, முன்னால உக்காந்தா என்ற காலு மரமரங்கறதும் இந்த எழவுனாலதானுங்களா? சக்கர நோவு வந்துருச்சுன்னு நானு ஒரு மாசமா வெந்தயம் தின்னுட்டிருக்கறனுங்க!”

“வெந்தயம் நல்லதுங்க்கா. தின்னுங்க.”

இதற்குப் பிறகு திருமூர்த்தி பழுதை ஒவ்வோர் இடமாக விலக்கிக்கொண்டு போனார். எண்பத்தைந்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். என்ஜின் அடங்கியும் நடுக்கம் அடங்கவில்லை. எனவே என்ஜின் காரணமல்ல. சக்கரம் காரணமானால் நடுக்கம் இதைவிட மெதுவாக, வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பும் ஆட்டமாக வரும். இது சக்கரத்தைவிடப் பலமடங்கு விரைவாகச் சுழலும் ஒன்றின் நடுக்கம். அத்தகையவை இரண்டே: முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும். பட்டறைக்குத் திரும்பி முன் ஷாஃப்டைக் கழற்றிக் கீழே வைத்தார். விசை முழுவதும் பின்னச்சுக்கே போகும்படி விசையை இரண்டு அச்சுக்கும் பிரித்துத் தரும் நடுப்பெட்டியைப் பூட்டிவிட்டு மறுபடியும் சாலைக்குப் போனார். தொண்ணூறிலும் டம்ளர்த் தண்ணீர் அசையவில்லை.

கழற்றி வைத்த ஷாஃப்ட் வெள்ளி நிறப் பெயிண்டில் பளபளத்தது. அதன் நடுவே காய்ந்த சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

“ஷாஃப்டுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?” என்று திருமூர்த்தி கேட்டார்.

பெரியகருப்பனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூசைக்கு முந்தின நாள், வழக்கப்படி கம்பெனியின் நிட்டிங் மெஷின்கள் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்தபோது, ஃபிட்டர் ஆத்தப்பன் வேனையும் விட்டுவைக்கவில்லை. மலை மண் ஒட்டிய ஷாஃப்டோடு ஒரு வண்டி பூசையில் நிற்பதா என்று அதைக் கழற்றி, பல்லோடு பல் பொருந்த ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த இரு பாதிகளையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பெயிண்ட் அடித்து, திரும்பச் செருகி மாட்டினார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பெரியகருப்பனே.

திருமூர்த்தி கத்தியால் பெயிண்டைச் சுரண்டினார். இரண்டு பாதிகளிலும் ஒவ்வோர் அம்புக்குறி வெளிப்பட்டது. செருகும்போது அவ்விரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இங்கே ஒன்று மேலேயும் மற்றொன்று பக்கவாட்டிலும் இருந்தது. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மடக்கு இணைப்புகள் ஒரே தளத்தில் அமைந்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று ஈடுசெய்யும். தளம் மாறினால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உதறும். மெதுவாகப் போகையில் அது தெரியாது. வேகத்தில் வண்டி முழுவதையும் ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

ஆத்தப்பனைத் தொலைபேசியில் அழைத்தார்கள். “எங்க மெஷின்ல எந்தப் பல்லுல செருகினாலும் ஓடுமுங்களே!” என்றார் அவர். சொன்னதில் பொய்யில்லை, நிட்டிங் மெஷினுக்கு அது சரிதான். பிறகு, “ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?” என்று மூன்றுமுறை கேட்டார்.

ஆகியிருக்கக்கூடியது என்ன என்பதையும் திருமூர்த்தி காட்டினார். முன்முனை இணைப்பு தேய்ந்து, கையால் அசைத்தாலே கடகடவென்றது. “இன்னும் கொஞ்ச நாள்ல இது உட்டிருக்குமுங்க. ஓட்டத்துல இந்த முனை கழண்டு தார்ல குத்துச்சுன்னா, வண்டி கம்பு ஊனித் தாண்டற மாதிரி எந்திரிச்சுருமுங்க” என்றார். சுப்பாத்தாள் வெளியே போய் நின்றுகொண்டார்.

புதிய இணைப்புகள் போட்டு, அம்புகளை நேராக்கி, அன்று மாலையே திருமூர்த்தி வண்டியை ஒப்படைத்தார். பெரியகருப்பன் வீட்டில் அன்று இருமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்று ஒச்சாயி பின்னர் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை வெள்ளகோவிலில் பெண்கள் தயங்கித் தயங்கியே ஏறினார்கள். சுப்பாத்தாள் முன் இருக்கையில் உட்கார்ந்து, தாம் பார்த்ததை எல்லாருக்கும் உரக்க விளக்கினார். நெடுஞ்சாலையில் முள் எழுபத்தைந்தைத் தொட்டது, எண்பதைத் தாண்டியது, எண்பத்தைந்தில் நின்றது. வளையம் கல்போல அசையாமல் இருந்தது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக்கூட வாசிக்க முடிந்தது. “தேரு மாதிரி போகுதுங்ணா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அந்த அமைதியில் பெரியகருப்பன் ஒரு சிறு தட்டொலியைக் கேட்டார். ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது என்றெண்ணி அவர் கண்கள் டேஷ்போர்டில் தேடின. பிறகு வளையத்துக்கு வந்தன. அவருடைய இடக்கைப் பெருவிரல் வளையத்தின்மேல் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த நினைத்தார், நிற்கவில்லை. இறுகப் பிடித்தார், மணிக்கட்டு நடுங்கியது. கண்ணாடியைப் பார்த்தார், அது அசையவில்லை. மீண்டும் கையைப் பார்த்தார். வண்டியின் நடுக்கம் இருந்தவரையில் இந்த நடுக்கம் அதற்குள் மறைந்து கிடந்தது. இரண்டுமே இருந்திருக்கின்றன, ஒன்றைத்தான் திருமூர்த்தி சரிசெய்தார்.

அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கம் சைகை காட்டி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, காங்கேயத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியை முழுவதுமாகச் சாலையைவிட்டு இறக்கி நிறுத்தினார். கைப் பிரேக்கைப் போட்டார்.

“என்னங்ணா, மறுபடியும் வண்டியா?” என்றார் சுப்பாத்தாள்.

“வண்டி நல்லா இருக்குத்தா. வண்டியில ஒரு குத்தமும் இல்ல.”

“அப்பறம் ஏனுங்க நிறுத்திட்டீங்க? மணி ஆகுதுங்களே.”

பெரியகருப்பன் இடக்கையை அவர் பக்கமாக நீட்டினார். சுப்பாத்தாள் அதைப் பார்த்தார். அந்தக் கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வாங்கிப் பிடித்துக்கொண்டார், அப்படிப் பிடித்தும் அது நிற்காததை உணர்ந்து, “டாக்டர்கிட்டப் போலாமுங்ணா. நானும் வாறனுங்க” என்று மட்டும் சொன்னார்.

“மொதலாளிக்குப் போனப் போட்டு வேற ஆளு அனுப்பச் சொல்லுத்தா. எனக்கு நம்பரு அமுக்க வராது இப்ப.”

மாற்று ஓட்டுநர் வரும்வரை பெண்கள் டீக்கடைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். தாமதத்தைப் பற்றி அன்று யாரும் முணுமுணுக்கவில்லை. பெரியகருப்பன் என்ஜினை அணைத்து, சாவியைச் சுப்பாத்தாளின் கையில் வைத்துவிட்டு இறங்கினார். அவர் கடைசியாக வண்டி ஓட்டியது 2025, பிப்ரவரி 3, திங்கட்கிழமை.